சடாச்சி தாவிய கதை

கடலும் இல்லாமல் மழையும் இல்லாமல், அணுக்கள் மட்டும் ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், விண்மீன்களுக்கு நடுவே ஒரு குளிர்மேகம் இருந்தது. மேகம் என்றதும் நம்மூர் மழைமேகத்தை நினைத்துவிடாதீர்கள். அங்கே ஓர் ஆளைப் பார்த்த பிறகு இன்னோர் ஆளைப் பார்க்க நாள்கணக்காகும். அவ்வளவு வெட்டவெளி!

அங்கே செங்கமலம் என்று ஓர் ஆக்சிஜன் அணு. அவள் கையைப் பிடித்தபடி மூன்று ஹைட்ரஜன் அணுக்கள்: வேலாயி, காத்தாயி, கடைசியாக வந்து ஒட்டிக்கொண்ட சடாச்சி. நால்வருக்கும் சேர்த்து ஓர் எலெக்ட்ரான் குறைவு. இப்படிக் குறையோடு திரியும் கூட்டத்துக்கு அயனி என்று பெயர்.

செங்கமலத்துக்கு ஒரே ஆசை. "நாம தண்ணீர் ஆகணும்டி. இந்த வானத்துல இதுவரைக்கும் யாருமே ஆனதில்லை," என்பாள். அதற்கு எலெக்ட்ரான் வந்தாக வேண்டும். வந்தால்தான் வம்பே! அது உள்ளே நுழைந்ததும் குபீரென்று ஒரு சூடு கிளம்பும். அதைத் தாங்காமல் எத்தனையோ அயனிகள் சுக்குநூறாகிப் போயிருந்தன.

"எல்லாரும் இறுக்கிப் பிடிச்சுக்குவோம், ஒண்ணும் ஆகாது," என்றாள் வேலாயி. அசட்டு யோசனை! முன்னால் உடைந்துபோன அத்தனை பேரும் இதைத்தான் செய்திருந்தார்கள்.

"அந்தச் சூட்டை யார்கிட்டயாவது கொடுத்துட்டா என்ன அக்கா?" என்று கேட்டாள் சடாச்சி.

"கொடுக்கறதுக்கு இங்க யாருடி இருக்கா?" என்று எரிந்து விழுந்தாள் செங்கமலம்.

அந்த நேரம் பார்த்து, "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே வந்து விழுந்தான் மருதன் என்கிற எலெக்ட்ரான். குறை தீர்ந்தது. சூடும் கிளம்பியது. நால்வரும் கிடுகிடுவென்று ஆடினார்கள். காத்தாயியின் பிடி நழுவத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டால் தண்ணீரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது!

"அக்கா, என் கையை விடு!" என்று அலறினாள் சடாச்சி.

"மாட்டேன்டி! நீயும் எங்க கூடப் பிறந்தவ மாதிரிதானே!"

"விடுன்னா விடு! இந்தச் சூட்டை நானே வாரிக்கிட்டுப் போறேன். தண்ணீருக்கு நீங்க மூணு பேரு போதும்."

செங்கமலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தும் விட்டாள்.

சடாச்சி தாவினாள் பாருங்கள், அப்பப்பா! சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு அவள் பறந்த வேகத்தில் மேகமே அதிர்ந்தது. ஆட்டம் நின்றது. செங்கமலம் கண்ணைத் திறந்து பார்த்தாள். ஒரு பக்கம் வேலாயி, மறு பக்கம் காத்தாயி, நடுவில் தான். வானத்தின் முதல் தண்ணீர்!

"ஆயிட்டோம்டி சடாச்சி! ஆயிட்டோம்!"

"தெரியுது, தெரியுது!" என்று வெகுதூரத்திலிருந்து சிரித்தாள் சடாச்சி. மேகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து அதைக் கேட்ட அணுக்கள் அத்தனையும் ஓவென்று ஆர்ப்பரித்தன.

சில அயனிகள் இன்றைக்கும் மொத்தமாகச் சிதறத்தான் செய்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று முதல்தான், எலெக்ட்ரான் வந்து சேர்ந்ததும் விண்வெளியில் ஒருத்தி கையை உதறிக்கொண்டு தாவுகிறாள்; அவளை யாரும் அழுது அனுப்புவதில்லை, ஆர்ப்பரித்துத்தான் அனுப்புகிறார்கள்.