குளத்தைக் கடலோடு சேர்த்த தீவு

நடுக்கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே நல்ல தண்ணீர்க் குளம் ஒன்றே ஒன்றுதான். அதில் தவிட்டி என்ற தவளை குடியிருந்தது. வாத்துகள் அங்கே மீன் பிடித்தன. ஆடுகள் தண்ணீர் குடித்தன. தீவுக்கு ராஜா ஓர் உடும்பு.

ஒருநாள் அக்கரையிலிருந்து, பை போன்ற அலகுள்ள கூழைக்கடாப் பறவை ஒன்று பறந்து வந்து, ராஜாவின் கழுத்தில் கடற்பாசி மாலையைப் போட்டது.

"மகாராஜா! குளத்திலிருந்து கடலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். பெரிய பெரிய மீனெல்லாம் உள்ளே வரும். தீவு எங்கேயோ போய்விடும்!"

"ஐயோ, எங்கே போகும்?" என்று உடும்பு பதறியது.

"வளர்ந்துவிடும் என்றேன், மகாராஜா!"

தவிட்டி குளத்திலிருந்து தலையை நீட்டியது. "மீன் வருகிற வழியில் உப்புத் தண்ணீரும் வருமே?" என்று கேட்டது.

"நாடு முன்னேறினால் உனக்குப் பொறுக்காதே!" என்று ஒரு வாத்து சீறியது. கூட்டமே சிரித்தது. தவிட்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன்பின் அது வாயே திறக்கவில்லை. மழைக்குக்கூடக் கத்தவில்லை!

வாய்க்கால் திறப்பு விழா தடபுடலாக நடந்தது. ராஜா பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அதற்குள் ஓடுகிற தண்ணீரோடு குளத்து மீனெல்லாம் கடலுக்குப் போய்விட்டன. அங்கே கூழைக்கடா சொந்தபந்தங்களோடு பந்தியில் உட்கார்ந்திருந்தது! சாயங்காலம் கடல் ஏறியது. குளம் உப்புக் கரித்தது. தவிட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தத்தித் தத்திப் போய், பாறை இடுக்கில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் விழுந்தது. 'இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே!' என்று அதன் மனம் அடித்துக்கொண்டது.

நாக்கு வறண்ட ஆடுகள் ராஜாவைத் துரத்தின. உடும்பு பனைமரத்தில் ஏறிக்கொண்டது. "பதவியை விட்டுவிட்டேன்! மரத்தை முட்டாதீர்கள்!" என்று உச்சியிலிருந்து கத்தியது.

எல்லாம் கூடி, கொம்பன் என்ற ஆட்டுக்கிடாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. உடனே கூழைக்கடா புது மாலையோடு வந்து நின்றது.

"தலைவரே! பழைய ராஜா வாய்க்காலைக் குறுகலாக வெட்டிவிட்டார். அகலப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்!"

கொம்பன் மாலையில் பாதியைத் தின்றது. "மாலை நன்றாக இருக்கிறது. யோசனையும் நன்றாகத்தான் இருக்கிறது!"

கூட்டம் ஆரவாரம் செய்யப்போனது. தவிட்டி தத்திப் பாறைமேல் ஏறியது.

"தலைவரே! போன தடவை நம் மீனைத் தின்றது யார்? இந்தத் தடவை தின்னப்போவது யார்?"

யாரும் சிரிக்கவில்லை. "ஆமாம், பதில் சொல்லுங்கள்!" என்று முதலில் கத்தியது அன்று சீறிய அதே வாத்துதான். பிறகு தீவே கத்தியது. கொம்பன் மென்றதை விழுங்கிவிட்டுக் கூழைக்கடாவைப் பார்த்தது. அதன் அலகுப் பைக்குள் மீன் ஒன்று துள்ளியது!

"இது... சும்மா மாதிரிக்குக் கொண்டுவந்தது!" என்று உளறிவிட்டுக் கூழைக்கடா பறந்தே போய்விட்டது.

அன்றைக்கே எல்லாம் சேர்ந்து மண்ணைத் தள்ளி வாய்க்காலை மூடின. பாறை இடுக்குகளில் தேங்கிய மழைத் தண்ணீரைப் பங்கிட்டுக் குடித்தன. இரண்டு மழைக்காலம் கழித்துக் குளம் மறுபடி இனித்தது.

ஆள்பவரை மாற்றினால் மட்டும் நாடு முன்னேறிவிடாது. யார் ஆண்டாலும் கேள்வி கேட்க மக்கள் தயங்காமல் இருக்க வேண்டும்.