நாற்பத்தோரு நாள்

மாசிலாமணி ஞானம் தேடி வரவில்லை. ஓர் எண்ணைக் கேட்டுப் போக வந்திருந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருந்த பூச்சி ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் வாடகைக் காரிலிருந்து இறங்கினார். கையில் ஒரு கோப்பு. தலைநகரில் அவர் இணைச் செயலாளர். நாட்டுக்குள் வருகிற, நாட்டைவிட்டுப் போகிற உயிருள்ள ஆராய்ச்சிப் பொருள்களுக்குப் புது விதிமுறை எழுதும் பொறுப்பு அவருடையது. எல்லாம் எழுதியாகிவிட்டது. ஏழாவது பிரிவில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. எத்தனை நாள் எல்லையில் நிறுத்திவைத்துவிட்டு விடுவிப்பது? திங்கட்கிழமை அது அமைச்சரின் மேசைக்குப் போயாக வேண்டும்.

நிலையத்தை நடத்தும் டாக்டர் எஸ்தர் அவரைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் ஆசிரியர் அவர்தான். எட்டு வருடத்துக்கு முன்னால், நாற்பத்தெட்டு வயதில், மாசிலாமணி படிப்பு விடுப்பு போட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். இரண்டு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினார். பூச்சி எண்ணினார். திட்டு வாங்கினார். பிறகு திரும்பிப் போனார்.

"வாங்க சார்," என்றார் எஸ்தர். "நேத்தே சொல்லியிருந்தா ரெண்டு வாழைமரமாவது கட்டியிருப்போம்."

"கிண்டல் வேண்டாம் மேடம். அஞ்சு மணிக்கு எனக்கு ரயில்."

"எட்டு வருஷத்துல அது மட்டும் மாறவே இல்ல உங்களுக்கு."

எஸ்தர் கோப்பை வாங்கி நின்றபடியே புரட்டினார். ஏழாவது பிரிவின் ஓரத்தில் இரண்டு சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்றில் 180 என்றும் மற்றதில் 15 என்றும் எழுதியிருந்தது.

"நூத்தியெண்பது யாரு?"

"செயலாளர். வெளியிலேருந்து வந்த மாவுப்பூச்சிதான் இத்தனை மரவள்ளியையும் தின்னுச்சு, இனி எது வந்தாலும் ஆறு மாசம் கிடக்கட்டும்ங்கிறார்."

"பதினஞ்சு?"

"கம்பெனிக்காரங்க. ஆராய்ச்சியில மத்த நாடெல்லாம் முந்திப் போயிட்டிருக்கு, நாம கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்னு சொல்றாங்க."

"ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்."

"அதான் மேடம் வந்தேன். நீங்க ஒரு எண் சொல்லுங்க. நான் எழுதிடறேன். யாரு கேட்டாலும் என் ஆசிரியர் சொன்னதுன்னு சொல்லிக்கறேன்."

எஸ்தர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எட்டாவது பிரிவு முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பூச்சி தெரிந்த ஓர் ஆய்வாளர் இருக்க வேண்டும் என்று மாசிலாமணி எழுதியிருந்த பிரிவு அது. ஓரத்தில் நிதித்துறையின் குறிப்பு இருந்தது: 'புதிய பணியிடங்கள் தேவையில்லை. நாட்களைக் கூட்டினால் போதுமானது.'

"இது?"

"அது போயிடுச்சு மேடம். விடுங்க."

எஸ்தர் கோப்பை மூடிக் கொடுத்தார். மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டிலிருந்து, அவரைப் போலவே பூச்சி வளர்க்கும் ஒரு பெண் எழுதியிருந்தார். அதே மாவுப்பூச்சி போன வருடம் அங்கேயும் போய் இறங்கிவிட்டது. அதை அழிக்க நீங்கள் காடுகளில் விட்ட குளவியில் கொஞ்சம் அனுப்புவீர்களா என்று கேட்டிருந்தார். இங்கே மரவள்ளி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. அங்கே அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு என்று கடைசி வரியில் இருந்தது.

"எப்போ வந்தது?"

"நாலு மாசம் ஆச்சு. புது விதி வர்ற வரைக்கும் எதையும் அனுப்பக் கூடாதுன்னு உங்க துறையிலேருந்து உத்தரவு."

மாசிலாமணி கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். அந்த உத்தரவை அனுப்பியவரும் அவர்தான்.

"உள்ளே ஒரு கணக்கெடுப்பு இருக்கு," என்றார் எஸ்தர். "வாங்க, பேசிக்கிட்டே பார்க்கலாம்."

வெளிநாட்டுப் பூச்சிகளை அடைத்து வைத்துச் சோதிக்கும் தனிமைக் கூடம் நிலையத்தின் பின்பக்கத்தில் இருந்தது. அதற்கு மூன்று கதவுகள். ஒன்றை மூடினால்தான் அடுத்ததைத் திறக்கலாம். கதவுகளுக்கு இடையே இரண்டு சின்ன அறைகள். சுவர்களில் கறுப்பு வண்ணம். உள்ளேயிருந்து வருகிறவர் மேல் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் அங்கேயே தெரிந்துவிட வேண்டும்.

வெளி அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் பாவாயி. நாற்பது வயதிருக்கும். கையில் டார்ச், மெல்லிய தூரிகை, ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே போய்த் திரும்புகிற யாரையும் அவள் பார்த்து முடித்தால்தான் வெளியே விடுவார்கள். எஸ்தரையும் அப்படித்தான். உள்ளே போய் வந்தவர் இன்னொருவரைப் பார்க்கக் கூடாது என்பது எஸ்தர் போட்ட விதி. பார்ப்பவர் மேலேயே ஒன்று உட்கார்ந்திருக்கலாம்.

"சாருங்களா? நல்லாருக்கீங்களா?" என்றாள் பாவாயி. "வெள்ளைச் சட்டையா போட்டுக்கிட்டு வந்தீங்களே, அது வரைக்கும் புண்ணியம். போன மாசம் ஒரு அதிகாரி கறுப்புக் கோட்டுல வந்துட்டாருங்க. பார்த்து முடிக்கிறதுக்குள்ள என் கண்ணு ரெண்டும் போயிருச்சு."

"ஏதாவது கிடைச்சுதா?"

"அவரு பாக்கெட்டுல வெத்தலை கிடைச்சுதுங்க."

உள்ளே வலைக்கூண்டுகளில் தென்னங்கன்றுகள் இருந்தன. போன மாதம் வேறொரு நாட்டிலிருந்து வந்த குளவி அவற்றில் பறந்துகொண்டிருந்தது. கடுகில் பாதி அளவுதான். தென்னையில் ஒட்டும் வெள்ளை ஈயை அது தின்னும் என்று நம்பித் தருவித்திருந்தார்கள். வேறு எதைத் தின்னும் என்று இன்னும் தெரியாது. தேனீயைத் தொடுமா, பட்டுப்புழுவைத் தொடுமா என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் எஸ்தர். அப்பன் குளவியும் ஆத்தாள் குளவியும் பதினைந்து நாளில் செத்துவிடும். பிள்ளைகளை வைத்துத்தான் சோதனை நடக்கிறது.

மாசிலாமணி எண்ணிச் சொன்னார். எஸ்தர் எழுதிக்கொண்டார். பழைய பழக்கம் கையில் இருந்தது.

"இதுக்காவது ஒரு கணக்கு இருக்கா மேடம்? இத்தனை நாள்ல தெரிஞ்சுடும்னு?"

"அதைக் குளவிதான் சொல்லும்."

"அரசாங்கத்துல அப்படி எழுத முடியாது."

"தெரியும் சார். நாற்பத்திமூணு சொன்னீங்களா, நாற்பத்திநாலா?"

"மூணு."

வேலை முடியும்போது மணி இரண்டாகியிருந்தது. இருவரும் முதல் கதவைத் தாண்டி உள் அறைக்கு வந்தார்கள். பின்னால் கதவை மூடினார்கள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. அறை முழு இருட்டானது.

அடுத்த கதவுக்கு அப்பாலிருந்து பாவாயியின் குரல் கேட்டது. "அம்மா, அங்கேயே இருங்க. ஜெனரேட்டரைப் போட்டுட்டு வந்துடறேன். கூண்டு சூடாயிரும்."

"போய்ட்டு வா."

வெளிக்கதவு திறந்து மூடும் சத்தம். பிறகு எதுவும் இல்லை.

இருவரும் நின்றார்கள். சுவரில் சாயக் கூடாது. பத்து நிமிடம் போனது. தூரத்தில் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"அது அப்படித்தான்," என்றார் எஸ்தர். "கெஞ்சினாத்தான் கிளம்பும்."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. இருட்டில் எதிரே இருப்பவரின் முகம் தெரியவில்லை. அது மாசிலாமணிக்கு வசதியாக இருந்தது.

"மேடம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால உங்களுக்கு ஒரு டப்பா வந்தது."

"ஆமா. மாவுப்பூச்சிக்குக் குளவி. ஆறு குழாய். முன்னூறு உயிர்."

"விமான நிலையத்துல நின்னுபோச்சு."

"நாற்பத்தோரு நாள்."

"தகுதியான அதிகாரி ஆய்வு செய்யும் வரை பத்திரமாக வைக்கவும்னு ஒரு உத்தரவு போச்சு. அவங்களும் பத்திரமா வச்சாங்க. குளிர்பெட்டியில. பூட்டு போட்டு, சீல் வச்சு. தினமும் சூடு எவ்வளவுன்னு பதிவேட்டுல எழுதினாங்க." அவர் நிறுத்தினார். "அந்த அதிகாரிப் பணியிடத்துல ரெண்டு வருஷமா ஆளே இல்ல. அது எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்ல. அந்த உத்தரவுல கையெழுத்து என்னோடது மேடம்."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீங்க இங்க சேர விண்ணப்பம் போட்ட அன்னியிலேருந்து. அதே கையெழுத்துதானே?"

அந்த டப்பாவைத் திறந்தபோது முன்னூறும் செத்துக் கிடந்தன. மறுபடி அனுமதி வாங்கி அடுத்த டப்பா வருவதற்குப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் இந்தக் காடுகளில் பாதியைப் பிடுங்கிப் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். படிக்க வந்த முதல் மாதம், பேருந்து ஜன்னலிலிருந்து அந்தக் கரிந்த வரப்புகளைத்தான் தினமும் பார்த்துக்கொண்டு வந்தார்.

"தெரிஞ்சும் ஏன் என்னைச் சேர்த்துக்கிட்டீங்க?"

"எத்தனையோ பேரு கையெழுத்துப் போட்ட கோப்பு அது. அந்த டப்பா என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

வெளியே ஜெனரேட்டர் கிளம்பியது. உடனே நின்றது.

மாசிலாமணி கைக்கடிகாரத்தின் பச்சை முள்ளைப் பார்த்தார். இரண்டே முக்கால்.

"மேடம், ரயில். ஸ்டேஷனுக்குப் போகவே ரெண்டு மணி நேரம் ஆகும். முக்கால் மணி நேரமா நிக்கிறோம். மேல ஏதாவது இருந்திருந்தா இந்நேரம் பறந்திருக்கும், இல்ல விழுந்திருக்கும். போகலாமே?"

"நிக்கிறோம் சார். யாரும் பார்க்கலையே."

மாசிலாமணியும் நின்றார். ரயில் போனால் நாளைக்குத்தான் அடுத்தது, அது தலைநகர் போய்ச் சேரத் திங்கட்கிழமை ராத்திரி ஆகிவிடும். திங்கட்கிழமை காலையில் கோப்பு இல்லாவிட்டால் செயலாளரே தன் கையால் நூற்றெண்பது என்று எழுதிக் கொண்டுபோய்விடுவார். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது முறை ஜெனரேட்டர் கிளம்பி, சீராக ஓடியது. விளக்கு எரிந்தது. வெளிக்கதவு திறந்து மூடியது. பிறகு இவர்களுடைய கதவு திறந்து, கையில் கிரீஸோடு பாவாயி உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். முந்தானையில் கையை அழுத்தித் துடைத்தாள்.

"ரொம்ப நேரமாயிருச்சுங்களா? அந்த மெஷினுக்கு என்மேல என்ன கோபமோ." டார்ச்சை எடுத்தாள். "சார்தான் முதல்ல. அவசரக்காரரு."

தலைமுடியில் ஆரம்பித்தாள். காதுக்குப் பின்னால், தோள், கைமடிப்பு. "திரும்புங்க." முதுகு. "குனியுங்க." கழுத்துப்பட்டியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். தூக்கியபடியே அசையாமல் நின்றாள்.

"சார். மூச்சு விடாதீங்க."

கழுத்தில் தூரிகையின் நுனி பட்டது. காற்று பட்டது போல இருந்தது. பாவாயி கண்ணாடிக் குழாயை விளக்குக்கு நேரே பிடித்து, பஞ்சால் அடைத்தாள். உள்ளே கடுகில் பாதி அளவுக்கு ஒன்று கண்ணாடியில் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"பொம்பளைப் பூச்சிங்க," என்றாள் பாவாயி. "முட்டையோட இருக்கு. சாரோட சட்டைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு ரயிலேறப் பார்த்திருக்கு."

எஸ்தர் குழாயை வாங்கிப் பார்த்தார். குறிப்பேட்டில் நாற்பத்துமூன்றை அடித்துவிட்டு நாற்பத்துநான்கு என்று எழுதினார்.

பாவாயி மற்ற இடங்களையும் பார்த்து முடித்தாள். "போங்க சார். ஒண்ணுமில்ல. அடுத்த தடவை வந்தா நான் இருக்க மாட்டேன். மார்ச்சோட என்னை நிறுத்திடறாங்களாம்."

"யார் சொன்னது?"

"மேலேருந்து கடுதாசி வந்திருக்குங்க. இங்கயும் இனி ஆளு வேண்டாமாம். எதுவா இருந்தாலும் நாலு நாள் சேர்த்து அடைச்சு வச்சாப் போதுமாம்."

மாசிலாமணி எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் தன் முறைக்காகக் கைகளை விரித்துக்கொண்டு பாவாயி முன்னால் திரும்பி நின்றிருந்தார்.

வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. கார் காத்திருந்தது. மாசிலாமணி காரின் மேலேயே கோப்பை விரித்தார். ஏழாவது பிரிவு. பேனாவைத் திறந்தார். பேனா காலியிடத்துக்கு மேலே நின்றது.

"மேடம், நீங்க இன்னும் எண் சொல்லலை."

எஸ்தர் கூடத்தின் வாசலில் நின்ற பாவாயி பக்கம் திரும்பி, "பாவாயி, சாரைப் பார்க்க எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிஷம் இருக்குங்களா? அதுவும் சார் நெளிஞ்சதால."

மாசிலாமணி சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிச் சிவப்பு மையால் அடித்திருந்த எட்டாவது பிரிவைப் பார்த்தார். நிதித்துறையின் குறிப்பைப் பார்த்தார். மறுபடி ஏழுக்கு வந்தார்.

"பார்க்க ஆள் இல்லேன்னா?" என்றார். "அப்போ எத்தனை நாள் எழுதட்டும்?"

எஸ்தர் பஞ்சின் மேல் மெழுகும் வைத்து மூடிய குழாயை இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்திருந்தார், வெயில் படாமல்.

"நாற்பத்தோரு நாள் பத்தலையே, சார்."