இடது பக்கக் கண்ணாடி

அப்பா செத்த பிறகுதான் எஸ்டேட்டுக்கு மலையேற நேரம் கிடைத்தது தினகருக்கு. வந்ததும் அப்பாவின் பழைய ஜீப்பைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது கோலம்? அப்பா வாங்கினப்ப இருந்த மாதிரியே சாயங்காலத்துக்குள்ள மாத்து. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

இருபது வருஷமாக அதை ஓட்டிப் பழுது பார்த்த டிரைவர் சவரிமுத்து ஸ்பேனரை எடுத்தார். ஏறுவதற்கு வைத்த படியைக் கழற்றினார்.

"அய்யாவுக்கு முட்டி மடங்கலைங்க."

அடுத்து கைப்பிடியைக் கழற்றினார்.

"கை நடுங்குச்சுங்க."

அப்புறம் ஸ்பேனரைத் தினகரிடம் நீட்டினார்.

"இந்த இடது பக்கக் கண்ணாடியை மட்டும் நீங்களே கழட்டிடுங்க, சின்னய்யா."

"ஏன், உன் கைக்கு என்ன?"

"இது உங்களுக்காக மாட்டினதுங்க. அய்யா உட்கார்ற பக்கம். பின்னாடி உங்க கார் வருதான்னு பார்க்கணும்னு பெரிசா மாட்டச் சொன்னார்."

தினகர் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் வெறும் மலை ரோடுதான் தெரிந்தது.