யாளியின் வாயில் கிடக்கும் கல்

அந்தக் காலத்தில் மிருகங்களும் மனிதரும் ஒரே பாஷை பேசினார்கள். யாளிகள் அப்போது மலைக்காட்டில் உயிரோடு திரிந்தன. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. பார்த்தால் குலை நடுங்கும். ஆனால் சாதுவான பிராணி. பாறையில் காதை வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அதற்குக் கேட்கும். ஈரம் கசிவது, தேரை மூச்சு விடுவது, மயிரிழை போல விரிசல் ஓடுவது எல்லாமே கேட்கும்.

ஆற்றங்கரை ஊரான மணற்குடியில் அரசன் ஒருவன் பெரிய சிவன் கோயில் எழுப்பினான். தலைமைச் சிற்பியின் பெயர் ஏறன். அவனுக்கு மலையில் கல் தேர்ந்து கொடுத்தது செம்பிடரி என்ற யாளி. அது ‘ஆகும்’ என்று சொன்ன கல்லில்தான் ஏறன் உளி வைப்பான். பதினோரு வருஷத்தில் கருவறையும் அதன்மேல் விமானமும் எழுந்தன. ஏறனின் மனைவி பூதி தினமும் இருவருக்கும் கூழ் கொண்டுவருவாள். ஏறனுக்கு ஒரு கலயம், யாளிக்கு ஒரு அண்டா.

கடைசியாக மிஞ்சியது முன்மண்டபம். அதன் நடுத் தூண்களின் மேல் கிடத்த வேண்டிய உத்தரக் கல்லை மலையிலிருந்து இழுத்துவர நாற்பது நாள் ஆயிற்று. வழியில் ஒரு சரிவில் கயிறு அறுந்து கல் உருண்டது. வெளியே ஒரு கீறல்கூட விழவில்லை.

குடமுழுக்குக்கு ஒன்பது நாள் இருந்தபோது, கல்லை மேலே ஏற்றும் முன் செம்பிடரி அதில் காதை வைத்துப் பார்த்தது. வைத்த காதை வெகுநேரம் எடுக்கவில்லை.

“உள்ளே உடைந்திருக்கிறது ஏறா. இது ஆகாது.”

ஏறனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “மெல்லப் பேசு. குறித்த நாள் தவறினால் சிற்பிகள் அத்தனை பேரின் வலது கையையும் வெட்டுவதாக அரசர் சொல்லியிருக்கிறார். முப்பது குடும்பம். உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். கல்லுக்குத் தெரியாதே.”

“குடமுழுக்கு மட்டும் முடியட்டும். மறுநாளே ஏதாவது சொல்லி இறக்கிவிடுகிறேன். பூதி மேல் ஆணை. அதுவரைக்கும் தாங்காதா?”

“தாங்கலாம். தாங்காமலும் போகலாம்.”

அதற்குள் கண்காணி மழவரையன் வந்துவிட்டார். திருப்பணி முழுவதையும் மேற்பார்வை பார்ப்பவர் அவர். “என்ன யாளியாரே, கல் நல்ல கல்தானே? ஏற்றச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

செம்பிடரி வாயைத் திறந்தது. கண்காணிக்குப் பின்னால் நின்ற ஏறன் இரண்டு கைகளையும் கூப்பினான். யாளி திறந்த வாயை மூடிக்கொண்டு, ஆமென்று தலையை மட்டும் அசைத்தது.

கல் மேலே போயிற்று.

குடமுழுக்கு அன்று ஊரே மண்டபத்துக்குள் நின்றது. மழைத் தூறலுக்குப் பயந்து குழந்தைக்காரிகளெல்லாம் நடுவில் ஒதுங்கியிருந்தார்கள். பூதியும் விளக்குத் தட்டோடு அங்கேதான் நின்றாள். மேளச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. வெளிமதிலருகே நின்ற செம்பிடரிக்கு மட்டும் மேலே கல் விரிவது கேட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப்போய், பின்னங்காலில் எழுந்து, சரிந்த கல்லைத் தலையால் முட்டித் தாங்கியது. “ஓடுங்கள்!” என்று கத்தியது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். கல்லின் மறுபாதி உடைந்து விழுந்தது. அதன் கீழே பதினேழு பேர் செத்துக் கிடந்தார்கள். பூதியும் அவர்களில் ஒருத்தி.

ஏறன் அரசனின் காலில் விழுந்து நடந்ததை எல்லாம் சொன்னான். “என் கையை வெட்டுங்கள் மகாராஜா, தலையையும் எடுங்கள்” என்று கெஞ்சினான்.

“உன் கையை வெட்டிவிட்டால் மண்டபத்தை யார் திரும்பக் கட்டுவது?” என்றான் அரசன். “தெய்வச் செயல் என்று எழுதிவிடுங்கள். வேலை நடக்கட்டும்.”

ஏறன் திரும்பி வந்தபோது செம்பிடரி இடிபாட்டின் நடுவே நின்றிருந்தது.

“சொல்லாதே என்று தடுத்தவன் நான்தான்” என்றான் ஏறன்.

“நீ தடுத்தாய். எனக்கு வாய் இருந்தது” என்றது யாளி. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. உடைந்த உத்தரத்தின் துண்டு ஒன்றைத் துதிக்கையால் எடுத்து வாய்க்குள் போட்டுப் பல்லை இறுக்கிக்கொண்டது.

பிறகு அது தின்னவில்லை, குடிக்கவில்லை. “துப்பிவிடு, உன்னைக் கும்பிடுகிறேன்” என்று ஏறன் அதன் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதான். கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தான். பல்லிடுக்கில் விரலை விட்டுக் கல்லை எடுக்கப் பார்த்தான். கல் உள்ளேயே அங்குமிங்கும் உருண்டது, வரவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த மற்ற யாளிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தன. பன்னிரண்டாம் நாள் செம்பிடரி நின்றபடியே செத்தது. அந்த யாளிகள் அதைச் சுற்றி வந்துவிட்டு, மனிதரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போயின. அப்புறம் யாளியை யாரும் கண்டதில்லை.

ஏறன் மண்டபத்தைத் திரும்பக் கட்டினான். தூணுக்குத் தூண் பின்னங்காலில் எழுந்து கல்லைத் தாங்கும் யாளியை வடித்தான். ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும், அதே கல்லிலேயே பல்லிடுக்கு வழியாக உளியை விட்டு, ஓர் உருண்டையைக் குடைந்து தனியாக்கினான். கடைசி யாளி முடிந்த அன்று அவனுக்குப் பார்வை போயிருந்தது. அதன் பின்னும் ஒவ்வொரு தூணாகத் தடவிப் போய், உருண்டை வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

அந்த நாளிலிருந்துதான் கோயில் தூண்களில் யாளியின் வாயில் கல் உருண்டை கிடக்கிறது. விரலால் தள்ளினால் உருளும். யார் முயன்றாலும் வெளியே வராது.