சோம்புத் தட்டும் சர்வீஸ் சார்ஜும்

ஏசி போட்ட ஒரு ஹோட்டலில், பில்லைச் சுமந்துகொண்டு மேஜை மேஜையாகப் போய்வரும் சோம்புத் தட்டு ஒன்று இருந்தது. நல்ல எவர்சில்வர், ஒரு பக்கம் மட்டும் நசுங்கல். சாப்பிட்டவர்கள் ஒரு சிட்டிகை சோம்பை வாயில் போட்டுக்கொண்டு, எழுந்திருக்கும்போது பத்தோ இருபதோ அதில் வைத்துவிட்டுப் போவார்கள். அது பரிமாறிய தனுஷ்கோடிக்கு. முட்டி தேய்ந்துபோன அந்த மனிதரை, மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவது தான்தான் என்று தட்டுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமைக்கும் வந்தது கேடு. மூன்று மாதத்துக்கு முன் சர்வீஸ் சார்ஜ் வந்து சேர்ந்தது. பில்லின் அடியில் ஜிஎஸ்டியை இடித்துக்கொண்டு, அரசாங்கத்துக்கே பங்காளி மாதிரி உட்கார்ந்தது. அதையும் வரி என்றே நினைத்துக் கட்டினார்கள் ஜனங்கள். அப்புறம் தட்டில் எதற்கு வைக்கப்போகிறார்கள்? தனுஷ்கோடி வெயிலில் நொண்டி நொண்டி நடந்தே வீடு போனார்.

“யாருக்காக வாங்குகிறாய்?” என்று தட்டு ஒருநாள் கேட்டது.

“தனுஷ்கோடி பெயரைச் சொல்லித்தான்.”

“அவர் கைக்குப் போகிறதா?”

“எனக்குக் கல்லாவரைக்கும்தான் வழி தெரியும்.”

“வேண்டாம் என்று யாராவது சொன்னால்?”

“எழுந்து போய்விட வேண்டியதுதான். நான் என்ன சட்டமா? ஆனால் யார் கேட்கிறார்கள்?” என்று கொட்டாவி விட்டது சர்வீஸ் சார்ஜ்.

தட்டுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. யாராவது ஒருத்தர் கேட்டுத் தொலைக்கமாட்டார்களா என்று மட்டும் காத்துக் கிடந்தது.

ஒருநாள் மூன்றாம் மேஜையில் ஒரு பெண், பில்லை வரிக்கு வரி படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அண்ணே, இந்த சர்வீஸ் சார்ஜ் கட்டியே ஆகணும்னு இல்லல்ல?”

பில்லில் சர்வீஸ் சார்ஜ் கொஞ்சம் நெளிந்தது.

“எடுக்கச் சொன்னா எடுத்துடுவாங்கம்மா,” என்றார் தனுஷ்கோடி, தணிந்த குரலில்.

“அதை எடுக்கச் சொல்லிட்டு உங்க கையிலயே குடுத்துடறேன். இல்ல, இது உங்களுக்குத்தான் வருதுன்னா இருந்துட்டுப் போகட்டும். வருதாண்ணே?”

கல்லாவில் மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

‘சொல்லுய்யா, வரலைன்னு சொல்லு!’ என்று தட்டு மனசுக்குள் கதறியது.

தனுஷ்கோடி கையிலிருந்த துணியால், சுத்தமாக இருந்த மேஜையை இன்னொரு முறை துடைத்தார்.

“வருதும்மா,” என்றார்.

“அப்ப ரொம்ப சந்தோஷம்ணே.” அவள் முழுத் தொகையும் கட்டினாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஒரு சிட்டிகை சோம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

“பார்த்தாயா, அவரே சொல்லிவிட்டார்,” என்றது சர்வீஸ் சார்ஜ். அதன் குரலே இறங்கிப்போயிருந்தது.

யார்மேல் கோபப்படுவது என்றே தட்டுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்குத் தனுஷ்கோடி வந்தார். முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, தட்டில் மிச்சமிருந்த சோம்பை வழித்து வாயில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார். அன்றைக்கு அவருக்கென்று அதில் இருந்தது அவ்வளவுதான்.