தொடாமல் ஓட்டிய வண்டி

போத்தனூர் மண் மைதானத்தில் ரிமோட்டில் ஓடும் குட்டி லாரிகளுக்குப் பந்தயம். கிளப் தலைவர் குலசேகரனின் லாரி மட்டும் இடப்பக்கமே இழுத்தது. எல்லார் முன்னாலும் அவர் மெக்கானிக் தவமணியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கை வச்சுத்தான் கெட்டுப்போச்சு. இனி வண்டியைத் தொடாமலே நேரா ஓட வை. முடியலைன்னா வேலையை விட்டுப் போ."

"தொடலைங்க. ரிமோட்டைக் கொடுங்க," என்றாள் அவள்.

அதில் வண்டி நேராக ஓடச் சரிசெய்து வைக்கும் சின்ன ஸ்டியரிங் குமிழைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினாள். லாரி மேடு ஏறிப் பள்ளம் இறங்கி, நூல் பிடித்த மாதிரி ஓடியது.

"என்கிட்ட வந்தது வண்டி மட்டுந்தான். இந்தக் குமிழ்தான் இடப்பக்கம் திரும்பியிருந்துச்சு. ரிமோட் யார்கிட்டங்க இருந்துச்சு?"

எல்லாரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் சிரித்தது. ரிமோட்டை அவர் கையில் திணித்துவிட்டு, தவமணி அடுத்த லாரியைப் பார்க்கப் போனாள்.