கண்ணாடித் தொட்டிச் சாம்பல்

எரிமலை வெடித்து நாலு வருஷம் கழித்து, ஓடிப்போன சனமெல்லாம் ஊர் திரும்பியது. நிலத்தை உழுதும் போட்டாயிற்று. விதைக்கத்தான் கை இல்லை. எல்லோரையும்விட அதிகம் இழந்தவர் கையால்தான் முதல் விதை விழவேண்டும் என்பது அந்தத் தீவின் வழக்கம். அவரோ வரமாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தார்.

அவர் பெயர் பொன்னுரங்கம். மனைவி பவுனம்மாளை வீட்டோடு சாம்பலுக்குக் கொடுத்துவிட்டு ஆசிரமத்தில் வந்து ஒண்டிக்கொண்டவர்.

“மழை இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. ஊரே உங்களுக்காகக் காத்திருக்கு,” என்றார் ஆசிரமத்தின் குரு நிறைமதி அம்மாள். சீடரைவிட அவர் வயதில் இளையவர்.

“அந்தச் சாம்பல்ல என்னம்மா முளைக்கும்?”

“வாங்க, ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்.”

போன இடம் எரிமலை அருங்காட்சியகம். நசுங்கிய சைக்கிள், கருகிய கதவு, தோண்டியெடுத்த பள்ளிக்கூட மணி.

கடைசி அறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. பொன்னுரங்கத்தின் வீடு இருந்த இடத்தில் அள்ளிய சாம்பல் அதில் கிடந்தது. ‘இங்கே எதுவும் மிஞ்சவில்லை’ என்று எழுதி வைத்திருந்தார்கள். காவலாளி அதற்குள் கையை விட்டு எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“பெரிய ரோதனைங்க. ஏசித் தண்ணி சொட்டுது, பிடுங்கப் பிடுங்க முளைக்குது. எழுதினது பொய்யாப் போகுதேன்னு மேலதிகாரி என்னைக் காய்ச்சுறார்.”

குரு அந்தச் செடியை வாங்கிச் சீடர் கையில் கொடுத்தார். பொன்னுரங்கம் புரட்டிப் பார்த்தார். மொச்சை. ஒட்டியிருந்த விதைத்தோல் ஊதா நிறம். அந்தத் தெருவில் ஊதா மொச்சை வைத்திருந்தவள் ஒருத்திதான்.

“விதை மொச்சைய உங்க வீட்டுல எப்படி வைப்பீங்க?” என்று குரு கேட்டார்.

“பானையில போட்டு...” கையிலிருந்த செடியை மறுபடி பார்த்தார். “சாம்பல் கலந்து வைப்போம்மா. பூச்சி அரிக்காது. பவுனுதான் வைப்பா.”

பொன்னுரங்கம் அழுதார். அழுதபடியே சிரிக்கவும் செய்தார். வெளியே இடி இடித்தது. சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, அகப்பட்ட விதைகளையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டார்.

“ஐயா, ஐயா! அது காட்சிப் பொருள்!” என்று காவலாளி பதறினார்.

“என் வீட்டுப் பொருளுப்பா!”

வாசலில் பெரிய பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியிருந்தது. வயலுக்கு ஓடப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

“இனிமே ஆசிரமத்துக்கு எப்பம்மா வரட்டும்?”

“மொச்சை காய்க்கட்டும்,” என்றார் குரு. “கையை வீசிக்கிட்டு மட்டும் வந்துடாதீங்க.”